ட்ரியெஸ்டேக்கு முன்னால் ஹரிஹரேஷ்வர்

முதல் நாள், புதன். மும்பை, செம்பூர்

இரவுச் சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் தம்பி வரைபடத்தை விரித்துவிட்டான். ஒரு மூலைக்கு ஊறுகாய் ஜாடி, இன்னொரு மூலைக்கு என் கண்ணாடிக் கூடு. இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் கிளம்பி ஸ்லோவேனியா, குரோஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா வழியாக கிரேக்கத்து ஏதென்ஸ் வரை பச்சை மையில் ஒரு கோடு. வருகிற மே மாதம் நானும் அவனும் இதில் சைக்கிளில் போகிறோம். எனக்கு 47, அவனுக்கு 41. முட்டி வலி இருவருக்கும் பொது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அந்த ஊர்ல பஸ் ஓடாதா?"

ஓடும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பாதையை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. யூரோவெலோ என்ற பெயரில் நாடுவிட்டு நாடு போகும் சைக்கிள் தடங்களுக்கு ஐரோப்பாவில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எட்டாம் எண் மத்தியதரைக்கடல் தடம், ஸ்பெயினின் காடிஸில் ஆரம்பிக்கிறது. நாங்கள் பிடிப்பது அதன் கிழக்குத் துண்டு. தடம் என்றதும் சைக்கிளுக்கென்று தனியாகப் போட்ட பாதை என்று நானும் முதலில் நினைத்தேன். குரோஷியாவில் பெரும்பகுதி கார், லாரி எல்லாம் போகிற கடற்கரை நெடுஞ்சாலைதான். டி8 என்று எண்; 640 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம்.

ஆரம்பம் மட்டும் சொகுசு. ட்ரியெஸ்டேயிலிருந்து இஸ்த்ரியா தீபகற்பத்தின் போரெச் வரை 1902-இல் ஒரு குட்டி ரயில் விட்டார்கள், பாரென்ஸானா என்று பெயர். 123 கிலோமீட்டர், தண்டவாள அகலம் 760 மில்லிமீட்டர். நம் மாத்தேரான் ரயிலின் 610-ஐவிடக் கொஞ்சம் தாராளம். 1935-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தடம்தான் இப்போது சைக்கிள் பாதை. ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது. அதைத் தாண்டினால் எங்கள் பாடு.

எந்தத் திசையில் போவது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. வடக்கிலிருந்து தெற்கே என்று தம்பி ஒரே பிடி. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். தெற்கே இறங்கினால் கடலும் வலப்பக்கம். ஆக, கடலுக்கும் நமக்கும் நடுவே எதிர்ச்சாரி வண்டி கிடையாது, நிறுத்திப் படம் எடுக்கச் சாலையைக் கடக்கவும் வேண்டாம். கோடையில் பகல் நேரத்தில் வடமேற்கிலிருந்து மேஸ்ட்ரல் என்றொரு காற்று வரும், அது முதுகைத் தள்ளும். எல்லாம் சரி. ஆனால் அதே கரையில் புரா என்று இன்னொன்று இருக்கிறது. வெலெபித் மலையிலிருந்து வடகிழக்காகச் சரிந்து கடலில் விழும் குளிர்காற்று. சென்ய் ஊர்ப் பக்கம் பேர்போனது. அதன் வீச்சு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியதும் உண்டு. குளிர்காலத்தில்தான் அதிகம், மே மாதத்தில் அறவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால் இடப்பக்கம் அறைந்து வலப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் என்ன இருக்கிறது? தம்பி ஆசைப்பட்ட அதே கடல்.

"வாடையும் கொண்டலும் சேந்து அடிக்கிற மாதிரியா?" என்றாள் அம்மா. திருச்செந்தூர்க்காரிக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். "அப்படி அடிச்சா எங்க ஊர்ல வள்ளத்த எறக்க மாட்டாவ. நீங்களும் அன்னைக்குச் சும்மா கெடங்க."

திட்டத்தில் சும்மா கிடக்க நாள் இல்லை, அதுதான் சிக்கல். ஆபீஸில் கிடைத்த விடுப்பு 28 நாள். போக வர, சைக்கிளைப் பூட்ட, கழற்ற 4 நாள் போனால் மிச்சம் 24. பச்சைக் கோட்டின் நீளம் எங்கள் கணக்கில் சுமார் 1,900 கிலோமீட்டர். நான்கு நாள் ஓய்வு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 95. "தானே வரை போய்ட்டு வர்றதுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்கிறான். அவன் தானே போய் வந்தது எப்போது என்று கேட்டேன். பதில் வரவில்லை.

சனிக்கிழமை முதல் நான்கு நாள் மும்பைக்குத் தெற்கே கொங்கண் கரையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. அதே சைக்கிள், அதே பை, அதே பாரம்.

இரண்டாம் நாள், வியாழன். செம்பூர்

இன்று மிதித்தது பூஜ்யம். விசா.

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், வந்துவிட்டது; அதே நாளில் தன் நாணயமான குனாவை விட்டு யூரோவுக்கும் மாறியது. ஆகவே இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா மூன்றுக்கும் ஒரே விசா. விமானம் இறங்குவது வெனிஸ் என்றாலும் அதிக இரவு தங்குவது குரோஷியாவில், எனவே மனு போட வேண்டியதும் குரோஷியாவிடம். முதலில் கால் வைக்கும் நாடு எது என்பதெல்லாம் இரவுக் கணக்கு சமமாக வந்தால்தான். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து மனு போடலாம். 180 நாளில் 90 நாள் என்ற வரம்பு எங்கள் 28 நாளைத் தொடாது; வேலையை விட்டுவிட்டுக் கண்டம் சுற்றுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நாட்டு எல்லைகள் வரும் இடங்களில்தான் விளையாட்டு. மாண்டினீக்ரோவும் அல்பேனியாவும் ஷெங்கனில் இல்லை. ஷெங்கன் விசா கையில் இருந்தால் மாண்டினீக்ரோ 30 நாள் வரை விடுகிறது. அல்பேனியா ஒரு படி மேலே போய், விசா பலமுறை நுழையும் வகையாகவும் இருக்க வேண்டும், ஒருமுறையாவது ஷெங்கனில் பயன்படுத்தியும் இருக்க வேண்டும் என்கிறது. வடக்கிலிருந்து தெற்கே போனால் அல்பேனியா எல்லைக்கு வரும்போது எங்கள் விசா தானாகவே பழசாகியிருக்கும். தெற்கே ஏதென்ஸிலிருந்து கிளம்பியிருந்தாலும் அப்படித்தான், கிரேக்கமும் ஷெங்கன்தானே. ஆக, நேற்று ஒரு மணி நேரம் காற்றைப் பற்றிப் பேசியது வீண் இல்லை. திசையைத் தீர்மானித்தது முத்திரையல்ல, காற்று.

இன்னொரு வேடிக்கை நெயும். குரோஷியாவின் கரையை நடுவில் வெட்டிக்கொண்டு போஸ்னியாவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. டி8-இல் நேராகப் போனால் ஷெங்கனை விட்டு வெளியே வந்து, ஒரு காபி குடித்து, மறுபடி உள்ளே போகிற கதை. 2022-இல் போஸ்னியாவைத் தொடாமல் போக ஒரு பெரிய பாலமே கட்டித் திறந்திருக்கிறார்கள், பெல்யேஷாட்ஸ் பாலம். நாங்கள் பார்த்து வைத்திருப்பது அதைவிடப் பழைய வழி: ப்லோச்சே துறைமுகத்தில் படகேறி எதிரே ட்ர்பான்யில் இறங்கினால் தீபகற்பத்தின் முதுகிலேயே ஓட்டி ஸ்தோன் ஊருக்கு வந்துவிடலாம். அங்கே உப்பளம் இருக்கிறது. வடாலா உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதையும் பார்த்துவிட்டு வருகிறோமே.

மனுவில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவாய் என்று கேட்கிறார்கள். சைக்கிள்காரிக்கு எங்கே இருட்டுகிறதோ அங்கே. அப்படி எழுதினால் விசா வருமா? தம்பி 95 கிலோமீட்டருக்கு ஒரு ஊர் என்று ஸ்கேலை வைத்துக் குறித்துக்கொண்டே போனான். சென்ய், கார்லோபாக், ஸதார்... ஒரு இடத்தில் ஸ்கேல் கடலுக்குள் போய் விழுந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி. கால்பாதேவி, பிறகு செம்பூர்

காலையில் கால்பாதேவி சைக்கிள் கடைகளில் அட்டைப் பெட்டி தேடினோம். புது சைக்கிள் வந்து இறங்கும் பெட்டியைக் கடைக்காரர்கள் மடித்துப் போட்டு வைத்திருப்பார்கள்; மூன்றாவது கடையில் கிடைத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் நடந்தது தனிப் பயணக் கட்டுரை.

வீட்டில் ஒத்திகை. முன்சக்கரம் கழன்றது, ஹேண்டில் திரும்பியது, சீட் இறங்கியது. வலது பெடலும் கழன்றது. இடது பெடல் அசையவே இல்லை. தம்பி ஸ்பேனரில் தொங்கினான். நான் சைக்கிளைப் பிடித்தேன். அம்மா என்னைப் பிடித்தாள். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். கடைசியில் கீழே சைக்கிள் துடைக்கிற பையன் வந்து, ஸ்பேனரை வாங்கி, எதிர்ப்பக்கம் திருப்பினான். பொட்டென்று விட்டது. இடது பெடலின் மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படி வெட்டுகிறார்கள். கழற்ற வேண்டுமென்றால் எல்லாத் திருகாணியும் இறுகும் திசையில் திருப்ப வேண்டும். இருபது நிமிடமாக நாங்கள் மூன்று பேரும் அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்புறம் பாரம் குறைக்கும் படலம். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தோம். கேஸ் அடுப்பின் உருளை விமானத்தில் ஏறாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான், அதுவும் 100 வாட்-மணிக்குள், அதாவது 27,000 எம்ஏஎச் வரை. விலை உயர்ந்த சைக்கிள் என்றால் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் வண்டியையே வெளிநாட்டில் வாங்கியதோ என்று கேட்பார்கள்.

ஹேங்கரில் சண்டை வந்தது. பின் கியரை ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும் சுண்டுவிரல் நீள அலுமினியத் துண்டு அது. வண்டி அந்தப் பக்கமாக விழுந்தால் ஃபிரேம் வளையாமல் அது வளைந்து உயிரை விட வேண்டும், அதற்காகவே மெத்தென்று செய்வார்கள். ஒவ்வொரு கம்பெனி ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், கண்ட கடையில் கிடைக்காது. என் வண்டிக்கு ஒன்று உபரியாக வாங்கி வைத்திருந்தேன். "நாலு நாளைக்கு இது எதுக்குக்கா? ஐரோப்பாவுக்கு எடுத்துக்கலாம்" என்று தம்பி அதைப் பையிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். அதன் எடை 20 கிராம்கூட இருக்காது. அந்த இடத்தில் அம்மா அரை கிலோ உடன்குடிக் கருப்பட்டியையும் ஒரு பாக்கெட் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் வைத்தாள். அதை எடுக்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

நான்காம் நாள், சனி. மாண்ட்வா – முருட், 71 கி.மீ.

மும்பையில் கடல்மேல் சைக்கிள் ஓட்டலாம் என்று யாராவது நினைத்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாந்த்ரா–வொர்லி பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கோஸ்டல் ரோடு என்றே பெயர் வைத்த சாலையிலும் இல்லை. 2024-இல் திறந்த அடல் சேது கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் நீளம், அதில் 16 கிலோமீட்டருக்கு மேல் கடல்மேல் போகிறது, அதிலும் இல்லை. ஆகவே தெற்கே போக வேண்டுமென்றால் படகுதான். விடியற்காலை செவ்ரி வழியாக பாவுச்சா தக்கா படகுத்துறைக்கு ஓட்டினோம். ரோ-ரோ கப்பலின் வயிற்றில் கார்களுக்கு நடுவே இரண்டு சைக்கிள்கள். ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா.

அலிபாக் வரை வெண்ணெய் மாதிரி. ரேவ்தண்டாவில் பாலத்தைத் தாண்டி சாலவ் ஏறியதும் சாலை தன் குணத்தைக் காட்டியது. காஷித்துக்கு முன்னால் ஏற்றம், காஷித்துக்குப் பின்னால் ஏற்றம். ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் கடல் ஒரு துண்டு தெரியும், "இதோ வந்துட்டேன்" என்கிற மாதிரி. இறங்கினால் தென்னந்தோப்பும் மாட்டு வண்டியும்.

கண்ணாடியைப் பற்றி ஒன்று. ஹேண்டிலின் வலது முனையில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க ஒரு குட்டிக் கண்ணாடி. அங்கே அதை இடது முனைக்கு மாற்ற வேண்டும். பழக்கம் வரட்டுமே என்று இன்றைக்கே இடப்பக்கம் மாற்றி வைத்திருந்தேன். 71 கிலோமீட்டரும் அதில் மதில் சுவரும் வேலியும்தான் பார்த்தேன். ஒரு இடத்தில் ஒரு எருமை.

முருட் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. 95-க்கு இன்னும் 24 பாக்கி. தம்பி அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடையில் அவன் சுர்மாய் மீன், நான் சோல்கடி என்ற கோகம் பானம் மட்டும் மூன்று தம்ளர்.

ஐந்தாம் நாள், ஞாயிறு. முருட் – ஹரிஹரேஷ்வர், 66 கி.மீ.

காலை ஏழே காலுக்கெல்லாம் அகர்தண்டா துறைக்கு வந்துவிட்டோம், அவ்வளவு கெட்டிக்காரத்தனம். துறையில் ஈ காக்கை இல்லை. டீ போடுகிறவரிடம் என் மராத்தியில் கேட்டேன், ஜங்கார் எப்போது வரும் என்று. "ஆத்தாச் கேலா, தாயீ." இப்போதுதான் போயிற்று. காயலின் நடுவே தட்டையாக ஒரு தகரத் தட்டு மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதுதான்.

ஜங்கார் என்பதைப் படகு என்று சொல்ல மனம் வரவில்லை. அடி தட்டையான ஒரு இரும்புத் தளம், முன்னால் இறக்கிவைக்கும் பலகை, ஓரத்தில் மேல்மாடத்தில் ஓட்டுகிறவர். லாரி, டெம்போ, பள்ளிப் பிள்ளைகள், கோழிக்கூடை எல்லாம் ஏறும். கொங்கண் கரை நெடுக ஆறுகள் கடலில் விழும் இடத்தில் அகலமாகக் காயல் விரிந்து கிடக்கிறது. சுற்றிப் பாலம் தேடிப் போனால் பல மணி நேரம் உள்நாட்டுக்குள் போய் வர வேண்டும். ஜங்காரில் பதினைந்து இருபது நிமிடம். ஆனால் அது வரும்போதுதான் வரும்.

ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் ஜஞ்சீரா கோட்டை தண்ணீரில் உட்கார்ந்திருந்தது, அதற்கும் அவசரம் இல்லை. தம்பி கைபேசியில் மாண்டினீக்ரோவைத் திறந்தான். கோட்டோர் வளைகுடாவிலும் இதே கதைதான்: கமெனாரியிலிருந்து லெபெட்டானேக்கு இதே போல ஒரு தட்டைப் படகு, குறுகலான நீர்ச்சந்தைக் குறுக்கே தாண்டும். படகு வேண்டாம் என்றால் வளைகுடாவைச் சுற்றி ஓட்டலாம். சுற்றுகிற வழிதான் அழகு என்று போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவன் திட்டத்தில் அந்த இடத்துக்கு "படகு – 10 நிமிடம்" என்று போட்டிருந்தான். பக்கத்தில் காத்திருப்பு என்று ஒரு கட்டமே இல்லை.

"மொத்தம் எத்தனை படகு போட்டிருக்கே?"

எண்ணினான். ஐந்து.

திகியில் இறங்கியதும் ஏற்றம். இந்தக் கரையின் சூத்திரம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. சிவப்புக்கல் மேடுகள் விரல் மாதிரிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விரலுக்கும் விரலுக்கும் இடையில் ஒரு காயல், ஒரு மணல்கரை, ஒரு ஊர். சாலை விரல்மேல் ஏறி, இறங்கி, ஊருக்குள் நெளிந்து, மறுபடி அடுத்த விரலில் ஏறும். வரைபடத்தில் கரையை ஒட்டி ஒரு கோடு போட்டால் அது சமதரை மாதிரித் தெரிகிறது. கடல்மட்டத்தில் கிளம்பி கடல்மட்டத்தில் முடிந்த இன்றைய ஓட்டத்தில் ஏறியது மொத்தம் 840 மீட்டர் என்று கைபேசி காட்டியது. அல்பேனியாவில் லோகாரா கணவாய் ஒரே மூச்சில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றுகிறது. அதைத்தான் நாங்கள் பயந்து பயந்து படித்துக்கொண்டிருந்தோம். பத்துப் பத்தாகச் சேர்ந்து வரும் ஏற்றத்தை யாரும் கணவாய் என்று பெயர் வைத்துப் பயமுறுத்துவதில்லை.

திவேஆகருக்கும் ஸ்ரீவர்தனுக்கும் நடுவே சேகாடி பக்கம் சாலை அப்படியே அலைக்கு மேலே போகிறது. சரியாகச் சொன்னால் எதிர்ச்சாரி அலைக்கு மேலே போகிறது. நாங்கள் இடப்பக்கம், மலையோரம். தம்பி சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகக் கண்முன் நின்றது. கடலுக்கும் எனக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமைப் புணே கார்கள் வரிசையாக. பாறை மறைவில் நிறுத்தி ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி. வெயிலில் இளகி, கடலைமிட்டாயோடு ஒட்டிப் புதுப் பலகாரமாக ஆகியிருந்தது. சாப்பிட்டதும் கால் தானாக மிதித்தது. அரை கிலோவைப் பற்றி நினைத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று. வலது தோளில் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. பக்கவாட்டில் பைகளைத் தொங்கவிட்ட சைக்கிள் காற்றுக்குப் பாய்மரம்; வண்டியைச் சாய்த்துப் பிடித்தே ஓட்ட வேண்டியிருந்தது. இது கொசு விரட்டுகிற காற்று. புராவை நினைத்துப் பார்த்தேன். அம்மா சொன்னபடி சும்மா கிடக்க இரண்டு நாள் வேண்டும்.

ஹரிஹரேஷ்வரில் கோயிலுக்குப் பின்னால் பாறைகளைச் சுற்றி நடக்கும் பாதையை அலை மூடியிருந்தது. அறைக்கு வந்து படுத்தோம். மணி ஏழு பத்து.

ஆறாம் நாள், திங்கள். ஹரிஹரேஷ்வர் – ஹர்ணை. தூரம் போடவில்லை

பாக்மண்டலாவில் ஜங்கார் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறி, சைக்கிளைக் கம்பியில் சாய்த்துவிட்டுக் கருப்பட்டியைத் தேடினேன். பின்னால் ஒரு டெம்போ ஏறியதில் தளம் லேசாக ஆடியது. என் சைக்கிள் யோசித்து யோசித்து வலப்பக்கமாகச் சாய்ந்தது. கியர் இருக்கும் பக்கம். தூக்கி நிறுத்தினேன், கீறல்கூட இல்லை. வேஷ்வியில் இறங்கி முதல் ஏற்றத்தில் லேசான கியருக்கு மாற்றியபோது செயினைத் தாங்கும் குட்டிச் சக்கரங்கள் ஆரக்கம்பியில் உரசிக் கரகரவென்று கத்தின. பின்னால் நின்று பார்த்தால் கியர் பெட்டி சக்கரத்தின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

ஹேங்கர்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தான், பிறகு பாண்கோட் கோட்டையைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

மெல்லிய கியர்களை மறந்துவிட்டு, உரசாத மூன்றில் மட்டும் ஓட்டினேன். அவை மூன்றும் சமதரைக்கானவை. எனவே ஏற்றங்களில் ஓட்டவில்லை, தள்ளினேன். கேள்ஷிக்கு முன்னால் ஒரு ஊரில் பஞ்சர் ஒட்டுகிற பெரியவர் கிடைத்தார். கியர் வண்டி என் வேலை இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, விட மனமில்லாமல் குத்தவைத்துப் பார்த்தார். திருகு ஸ்பேனரின் வாயை அந்த அலுமினியத் துண்டில் கவ்வவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்தார். இழுப்பார், சக்கரத்தைச் சுற்றுவார், காதை வைத்துக் கேட்பார், மறுபடி இழுப்பார். ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தினால் அது பலம் போன உலோகம், இன்னொரு முறை வளைத்தால் ஒடிந்துவிடும் என்று சைகையில் காட்டினார். ஐந்து கியர் திரும்பி வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டார்.

ஹர்ணைக்கு வந்தபோது மாலை மீன் ஏலம் முடியும் நேரம். மாட்டு வண்டிகள் தண்ணீருக்குள்ளேயே போய்ப் படகிலிருந்து கூடைகளை வாங்கிக்கொண்டு வந்தன. எதிரே சுவர்ணதுர்க் கோட்டை. வேறு நாளாக இருந்தால் இதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். இன்று கால் எழுத விடவில்லை.

ஏழாம் நாள், செவ்வாய். தாபோலி, கேட், செம்பூர்

ஹர்ணையிலிருந்து தாபோலிக்கு மேட்டில் பாதி ஓட்டி, பாதி தள்ளி வந்தோம். அங்கிருந்து கேட் ரயில் நிலையத்துக்கு டெம்போ. சைக்கிள்களை பார்சலில் போட்டுவிட்டு, கொங்கண் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தம்பி லேப்டாப்பைத் திறந்தான்.

நாங்கள் அதிகம் பேசவில்லை. அவன் ஒரு கட்டம் சேர்த்தான், "காத்திருப்பு" என்று. ஐந்து படகுக்கும் தலா ஒன்றரை மணி நேரம். அப்புறம் ஏற்றம் என்று ஒரு கட்டம். காற்றுக்கு இரண்டு நாள், மேலும் ஒரு நாள் வண்டி கெட்டுப்போவதற்கு. அதற்குப் பெயர் என்ன போடுவது என்று தெரியாமல் "ஹேங்கர்" என்றே போட்டான். ஏற்கெனவே இருந்த நாலு ஓய்வு நாளில் கைவைக்க நான் விடவில்லை. மிதிக்க மிச்சம் 17 நாள். 95-ஐ அழித்து 80 போட்டான். ரோஹா தாண்டியதும் அதையும் அழித்து 70. பென் வந்தபோது கிரேக்கத்தின் மேல் கர்சரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஏதென்ஸ் அவன் ஆசை. ரியோ–அந்திரியோ பாலத்தை நடந்தாவது தாண்ட வேண்டும் என்று கல்லூரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவன்.

"சராந்தாவோட முடிச்சுக்கலாம்கா" என்றான். அல்பேனியாவின் தெற்குக் கரையில் ஒரு ஊர். ட்ரியெஸ்டேயிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர். "அதுவும் 17 நாளுக்கு ஜாஸ்தி. வ்லோரா வரைக்கும் சமதரைதானே, அதுல ஒரு துண்டு பஸ்ல போய்டலாம். லோகாராவ மட்டும் விட மாட்டேன். சராந்தாலேர்ந்து கோர்ஃபு தீவு கண்ணுக்குத் தெரியும். கிரேக்கத்தப் பாத்த மாதிரியும் ஆச்சு."

"சரி" என்றேன். திரும்பும் விமானம் அல்பேனியத் தலைநகர் டிரானாவிலிருந்து. விசா மனுவுக்கு இரவுப் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும், இந்த முறை ஸ்கேல் இல்லாமல்.

குர்லாவில் இறங்கி வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. என் கண்ணாடி இன்னும் இடது முனையில்தான் இருந்தது. குர்லா சிக்னலில் அதில் ஒரு பெஸ்ட் பஸ்ஸின் முகம் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது பானிபூரி வண்டி.

அம்மா கதவைத் திறந்தாள். அந்த ஊர்களில் பஸ் ஓடுகிறது, அதில் ஏறவும் போகிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதற்குள் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேலே பால் பில், அதன்மேல் பறக்காமலிருக்க ஒரு சுண்டுவிரல் நீள அலுமினியத் துண்டு.

"இது நல்லா கனமா இருக்குட்டி," என்றாள் அம்மா. "ஒண்ணுக்கும் வேண்டாம்னா இங்கயே கெடக்கட்டும்."